சேவலின் தள்ளாட்டமும் நோய்முதல் நாடலும்

கூவும் பருவத்தை எய்திய இளஞ்சேவல் ஒன்று ஒரு நாள் மாலையில் மரக்கொப்பில் ஏற மறுக்கின்றது. கால்களை அகலவைத்து நிற்கின்றது. நான்கடி நடந்ததும் மூட்டு மடிந்து சரிகின்றது. கொண்டை செந்நிறம் இழந்து மங்குகின்றது. மார்பைத் தடவினால் நெஞ்செலும்பு கத்தியின் விளிம்புபோற் கையில் தட்டுப்படுகின்றது. கோழி வளர்ப்போருக்கு இக்காட்சி புதியதன்று. ‘நோய்க்கோழி’ என்ற ஒரு சொல்லோடு அதன் கதை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆயின் இத்தகைய தள்ளாட்டத்தைக் கண்டு, இதற்குக் காரணம் யாது என்று விடாது வினவியோர் இருவர் உளர். ஒருவர் யாவாத் தீவில் வினவினார். மற்றவர் அங்கேரி நாட்டில் வினவினார். இருவர் கண்டதும் நரம்புகள் கெட்டுக் கால்முடங்கிய கோழிகளையே. இருவருக்கும் கிடைத்த விடைகளோ முற்றிலும் வேறானவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கீழைத் தேசங்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துத் தளரும்; சிலருக்கு உடல் வீங்கும்; ஈற்றில் இதயம் ஓயும். போர்வீரரும் மாலுமிகளும் சிறைக்கைதிகளுமே இதற்குப் பெரிதும் இரையாயினர். அச்சே நாட்டிற் போர்புரிந்த ஒல்லாந்தப் படையினரிடையே இந்நோய் மிகவே, ஒல்லாந்த அரசினர் 1886ஆம் ஆண்டில் பெக்கெல்காரிங், விங்கிளர் என்னும் அறிஞர் இருவரை ஆராய அனுப்பினர். அவர்களுக்குத் துணையாய் அமைந்தவர் கிறித்தியான் எயிக்மன் என்னும் இளம் இராணுவ வைத்தியர். இவர் பேர்லினில் றொபேட் கொக்கிடம் பயின்றவர். நோயென்றால் அதற்கொரு கிருமி இருந்தே தீரும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. குழுவினர் இரத்தத்திற் கிருமியொன்றைக் கண்டதாகக் கருதித் தாயகம் திரும்பினர். எயிக்மன் பத்தேவியாவில் இராணுவ வைத்தியசாலையைச் சார்ந்த சிறியதோர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராய் அங்கேயே தங்கினார். பத்தேவியா என்பது இன்றைய யகார்த்தா.

கிருமியை விலங்குகளில் ஏற்றி நோயை உண்டாக்கிக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். பிற விலங்குகளிற் பயன் கிட்டாமையால், மலிவாய்க் கிடைக்கும் கோழிகளை எடுத்துக்கொண்டார். சில காலத்திற் கோழிகள் தள்ளாடின. கால்களிற் றொடங்கிய வாதம் மேல்நோக்கிப் படர்ந்து சிறகையும் கழுத்தையும் பற்றியது. மூச்சுத் திணறிக் கொண்டை நீலம்பாரித்து, உடற்சூடு குறைந்து அவை மாண்டன. கிருமி ஏற்றிய கோழிகள் நோயுற்றமையில் வியப்பில்லை. ஏற்றாது விட்ட கோழிகளும் அவ்வாறே நோயுற்றன! தொற்றிற்று எனக் கருதி அவற்றை வேறிடத்திற் பிரித்துவைத்தும் அவர் சோதித்தார். சோதனை தெளிவடையுமுன் நோயே மறைந்துவிட்டது. புதிய கோழி எதுவும் நோயுறவில்லை, நோயுற்றவையும் தேறின.

தாம் நினைத்தது நடவாதபோது ஆராய்வோன் செய்யக்கூடுவன இரண்டு. சோதனையைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். அன்றி, நடந்தது என்ன என்று நாட்குறிப்பைப் புரட்டலாம். எயிக்மன் இரண்டாவதைச் செய்தார். ஆராய்ச்சிக்கூடத்துப் பணியாள் செலவைச் சுருக்கும் பொருட்டு, வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைச் சில மாதங்களாய்க் கோழிகளுக்கு இட்டு வந்தமை பின்னரே தெரியவந்தது. இடையிற் சமையற்காரன் மாறினான். இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சாராத கோழிகளுக்குக் கொடுத்தல் முறையன்று எனப் புதியவன் மறுத்துவிட்டான். அவனது விதிப்பற்று மருத்துவ வரலாற்றுக்குச் செய்த உதவியை அவன் அறிந்திருக்க நியாயமில்லை. 1889ஆம் ஆண்டு யூன் 17 முதல் நவெம்பர் 27 வரை கோழிகள் அச்சோற்றை உண்டன. நோய் தோன்றியது யூலை 10இல். நீங்கியது நவெம்பர் இறுதியில். இந்நாட்களை அருகருகே வைத்துப் பார்த்தமையே கண்டுபிடிப்பின் தொடக்கம்.

அதன்பின் சோதனை எளிதாயிற்று. வெள்ளையரிசி மட்டும் உண்ட கோழி மூன்று நான்கு வாரங்களில் தள்ளாடும். உமி மட்டும் நீக்கிய தவிட்டரிசியை உண்டது நலமாயிருக்கும். தள்ளாடும் கோழிக்குத் தவிட்டைக் கொடுத்தால் எழுந்து நடக்கும். உண்மை இவ்வாறு கைக்கு எட்டியும், அதன் விளக்கத்தில் எயிக்மன் வழுவினார். அரிசியின் மாப்பொருளில் ஒரு நஞ்சு உண்டு என்றும், தவிட்டில் அதற்கு மாற்று உண்டு என்றும் அவர் கருதினார். நோயை ஏதோ ஒன்று ‘உண்டாக்க’ வேண்டும் என்னும் பழைய எண்ணம் அவரை விட்டகலவில்லை. அவருக்குப்பின் அப்பணியை மேற்கொண்ட கெரிற் கிறைன்ஸ் 1901இல் வேறு விளக்கம் தந்தார்: வெள்ளையரிசியில் இருப்பது நஞ்சன்று, இல்லாதிருப்பது நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள். பாசிப்பயற்றிலும் அது உண்டு என்று அவர் காட்டினார். ஒன்று இருப்பதால் மட்டுமன்றி ஒன்று இல்லாமையாலும் நோய் வரும் என்னும் கருத்து அன்று எளிதிற் செரிக்கத்தக்கதன்று.

கோழிக்குப் பொருந்தியது மனிதருக்கும் பொருந்துமா? யாவாவின் சிறைச்சாலைகளை மேற்பார்த்து வந்த வோர்டெர்மன் 1895 அளவில் 101 சிறைகளிற் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தனர். தவிட்டரிசி உண்டோரில் 10,000 பேருக்கு ஒருவரே. மலாய் நாட்டிற் பிறாடன் என்னும் ஆங்கில வைத்தியர் கண்டது எமக்கு இன்னும் நெருங்கிய செய்தி. அங்கு வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். பச்சையரிசியிற் பூஞ்சணம் பற்றி நஞ்சு விளைகிறது என்று அவரும் பிழைபடவே எண்ணினார். காரணம் வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கையில், தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரோடு அரிசியின் உள்ளே சுவறுகின்றது. பின்னர் ஆலையிலே தீட்டினும் அது முழுவதும் அகல்வதில்லை. நெல் அவிக்கும் வழக்கம், அச்சத்துக்குப் பெயரிடப்படுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே எம்மவரிடம் இருந்தது. அதற்கு அவர்கள் கூறிய காரணம் எதுவாயினும் ஆகுக, பயன் உயிர்காத்தது.

மேல் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. காசிமிர் பங்க் 1912இல் ‘விற்றமின்’ இனத்துக்குப் பெயரிட்டார். யான்சனும் டொனாத்தும் 1926இல் அதே யாவாவில், தவிட்டிலிருந்து இச்சத்தைப் பளிங்குருவிற் பிரித்தனர். இன்று அது தயமின், அல்லது விற்றமின் பீ1 எனப்படும். எயிக்மனுக்கு 1929இல் நொபெற் பரிசு கிடைத்தது. கிறைன்ஸுக்கு அதிற் பங்கு கிடைக்கவில்லை. அது நீதியாகாது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இனி அங்கேரிக்கு வருவோம். புடாபெஸ்ற் நகரத்து மிருகவைத்தியப் பேராசிரியர் யோசெப் மாரெக் 1907ஆம் ஆண்டில், காலும் சிறகும் முடங்கிய நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அறுத்துப் பார்த்தபோது காலுக்குச் செல்லும் நரம்புகள் தடித்திருந்தன. அவரும் அதனைப் பன்னரம்பழற்சி என்றே குறித்தார்; பத்தேவியாக் கோழிகளின் நோய்க்கு எயிக்மன் இட்ட பெயரும் அதுவே. பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. மாரெக்கின் பெயரையே பெற்ற இந்நோய்க்குத் தவிடு மருந்தாகாது. 1967இல் இங்கிலாந்திற் சேர்ச்சிலும் பிக்ஸும் இதன் காரணம் ஒரு வைரசு என நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில் தடுப்பு மருந்தும் வந்தது. எயிக்மன் தேடிய இடத்திற் கிருமி இல்லை. மாரெக் கண்ட சேவல்களில் இருந்தது.

ஆகவே, முற்றத்திற் சரிந்து கிடக்கும் சேவலைக் கண்டவர் முதலிற் பார்க்கவேண்டியது அதன் காலையன்று, அது உண்டதையும் அதன் கூட்டத்தையுமே. அடைத்து வைத்து வெறும் வெள்ளைச்சோறே இட்டு வளர்த்த சேவலாயின், தயமின் குறைவை ஐயுறலாம். வெளியே மேய்ந்து புழுவும் பச்சிலையும் கொத்தும் கோழிக்கு அது வருதல் அரிது. இக்குறைவு முற்றியபோது பறவை கணுக்காலில் அமர்ந்து, தலையைப் பின்னே சாய்த்து வானத்தை நோக்கும். மாரெக்கு நோயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாய் நீண்டு கிடத்தல் கண்கூடான குறி. சிலவற்றிற் கண்மணியைச் சூழ்ந்த வளையம் சாம்பல் நிறமாகும். மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரையான பறவைகளிலேயே அது மிகுதி. கழுத்து முறுகி, பச்சைநிறக் கழிச்சலுடன் பல கோழிகள் ஒருங்கே மடியின் அது 1926இல் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட வேறொரு வைரசு நோய். கழிச்சலில் இரத்தங் கண்டால் குடலைத் தாக்கும் ஒட்டுண்ணியை நினைக்கவேண்டும்.

ஐயம் தீராவிடின் தயமினைக் கொடுத்துப் பார்ப்பதே எளிய வழி. குறைவே காரணமாயின், சில மணி நேரத்தில் தலை நிமிரத் தொடங்கும். மாரெக்கு நோயாயின் ஒரு மாற்றமும் இராது. நோயுற்ற சேவலுக்குத் தடுப்பூசி ஏற்றியும் பயனில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சுக்கு அதனை ஏற்றவேண்டும். அவ்வைரசு இறகினின்று உதிரும் பொடியிற் கலந்து, கூட்டின் தூசியிற் பல மாதம் அழியாதிருக்கும். எனவே அக்கூட்டை நன்கு துப்புரவாக்காமல் அடுத்த குஞ்சுகளை அதனுள் விடலாகாது.