ஞாயிறு ஒரு பெயர், திங்கள் ஒரு பெயர்

எல்லையோர விசுவாசங்கள் – 11

2025 ஜூலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் உதவி நிர்வாக அதிகாரி ஒருவரை சஸ்பெண்ட் செய்தது. லஞ்சப் புகார் எதுவும் இல்லை, உண்டியல் கணக்கிலும் குளறுபடி இல்லை. ஞாயிறுதோறும் சொந்த ஊரான புத்தூரில் சர்ச்சுக்குப் போகிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. அதே மாதத்தில் இன்னும் நான்கு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். ஒரு இன்ஜினியர், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளுநர், ஒரு ஆயுர்வேத டாக்டர். அதற்கு முன் பிப்ரவரியிலேயே 18 ஊழியர்களைக் கோயில் சார்ந்த பணிகளிலிருந்து விலக்கிவைத்த தேவஸ்தானம், வேறு அரசுத் துறைக்குப் போங்கள், இல்லையென்றால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது.

டி.வி. விவாதங்களில் இது இரண்டு மதங்களின் சண்டையாகவே பேசப்பட்டது. சட்டத்தில் பெரிய சிக்கல் இல்லை. மத நிறுவனம் ஒன்று தன் பதவிகளை அந்த மதத்தவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள அரசியலமைப்பின் 16(5) பிரிவு இடம் தருகிறது. தேவஸ்தானத்தின் விதியும் 1989-லிருந்து அப்படித்தான். வேலைக்குச் சேர்கிறவர்கள் இந்து தர்மத்தைப் பின்பற்றுவோம் என்று ஏழுமலையான்மீது சத்தியம் செய்கிறார்கள். உடைந்த எலும்புக்குக் கட்டுப் போட நர்ஸுக்கு எந்த மதமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அது விதியை எதிர்த்து, முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டிய கேள்வி. சத்தியத்தைச் செய்துவிட்டு, ஞாயிறு காலையில் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மலைக்கு வரும் பிறமதத்தவரிடம் தேவஸ்தானம் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கிறது. ஜனாதிபதியாக இருந்தபோது அப்துல் கலாம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் இன்னார் என்று சொல்லிவிட்டுப் போவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

விஷயத்தின் கனமான பகுதி தேவஸ்தான அலுவலகத்தில் இல்லை, சபைகளுக்குள் இருக்கிறது. காகிதத்தில் ஒருவராகவும் ஜெபக்கூட்டத்தில் இன்னொருவராகவும் இருப்பவரைச் சபை என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து எழுநூறுக்கும் மேல். கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டெசியஸ், குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, கொடுத்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். பெயர், ஊர், எப்போதும் தெய்வங்களை வணங்கியே வந்திருக்கிறேன் என்ற வாக்குமூலம், கீழே சாட்சிக் கையெழுத்து. அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் எகிப்தின் மணலில் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்கள் சிலர் மறுத்து உயிரைக் கொடுத்தார்கள். சிலர் பயந்து பலி கொடுத்தார்கள். இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். பலியும் கொடுக்காமல், அதிகாரியின் கையில் காசு வைத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் திரும்பிவந்து சபைக் கதவைத் தட்டினார்கள். ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர், சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். பலி கொடுத்தவரும் காகிதம் மட்டும் வாங்கியவரும் ஒன்றல்ல. ஆனால் காகிதம் வாங்கியதும் பாவமே, மனம் வருந்தித்தான் திருவிருந்துக்கு வர வேண்டும். மனசுக்குள் விசுவாசம் இருந்தால் போதும், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. திருப்பதியை அடுத்த சித்தூர்ப் பக்கத்தில் அப்படிச் சொல்கிற போதகர்கள் இன்று உண்டு.

இதே மண்ணில் முன்பு வேறு கெடுபிடி இருந்தது. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர் முக்கிய நிலையம். ஒரு கிராமத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து வந்தால், சிலை வணக்கத்தை விட வேண்டும், ஓய்வுநாளைக் கைக்கொள்ள வேண்டும், செத்த மாட்டைத் தின்னக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் மிஷன் அவர்களைச் சேர்த்தது. சாதியை விடுவதிலும் ஸ்கடர்கள் விடாப்பிடி. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகளும், யார் சமைத்தாலும் உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறவரைக் கிறிஸ்தவராக ஏற்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தார்கள். ஏழைக் குடியானவனிடம் இவ்வளவு கேட்ட வெள்ளைக்காரப் பாதிரிகளின் அதிகாரத் தோரணை நமக்கு இன்று உறுத்தும். ஆனால் சேர்கிறவனுக்கு விலை என்ன என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

அந்த விலையைச் சபை தானே கொடுத்ததா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயில் கட்டி, நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சித்தூரும் திருப்பதியும் அடங்கிய கடப்பா கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயராக அப்போது இருந்த பிரசாத் கல்லேலா, தலித் சமூகத்தவர். 2016 ஏப்ரலில் அவர் கடத்தப்பட்டு, அடிக்கப்பட்டார். கைதானவர்களில் பாதிரியார்களும் இருந்தார்கள். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் நடக்கும் சபையில் இது நடந்தது. ஊழியரின் இரட்டை வாழ்க்கையைத் தேவஸ்தானம் விசாரிக்கிறது. தன் இரட்டை வாழ்க்கையை விசாரிக்கும் தைரியம் சபைக்கு இருக்கிறதா?

காகிதத்தில் ஒருவர், ஜெபக்கூட்டத்தில் இன்னொருவர் என்ற வேஷத்துக்குச் சட்டமும் தன் பங்குக்கு உதவுகிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித் பட்டியல் சாதியிலிருந்து வெளியேறிவிடுகிறார். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் ஊரில் யாரும் அவரைப் புதுக் கண்ணால் பார்ப்பதில்லை. பழைய தெரு, பழைய வசவு. சான்றிதழ் மட்டும் மாற வேண்டும் என்கிறது சட்டம். குண்டூர்ப் பகுதியில் பத்தாண்டு பாஸ்டராக இருந்த ஒருவர், சாதி சொல்லித் தன்னைத் தாக்கினார்கள் என்று வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுத்தார். கையில் பட்டியல் சாதிச் சான்றிதழும் இருந்தது. பாஸ்டராக வாழ்கிறவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதற்கு முந்தைய நவம்பரில் உச்ச நீதிமன்றம், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காகத் தன்னை இந்து என்று சொன்ன புதுச்சேரிப் பெண் ஒருவரின் கோரிக்கையை, அரசியலமைப்பை ஏமாற்றும் செயல் என்று சொல்லித் தள்ளியது.

1950-ன் ஆணை கையெழுத்தான ஆகஸ்ட் 10-ஐக் கத்தோலிக்க ஆயர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. கறுப்புக் கொடி ஏற்றுவது சுலபம். நம் சபையில் எத்தனை பேர் எந்தச் சான்றிதழோடு இருக்கிறார்கள் என்று பேச ஆரம்பிப்பது கஷ்டம், பாஸ்டர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஆந்திராவில் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுக்கும் தலித்துக்கு பி.சி.-சி என்ற பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதிக்கு 15 சதவீத இடஒதுக்கீடு, இந்தப் பிரிவுக்கு 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள் நின்று வேலைக்கு மனுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வைத்து எந்த சேனலும் விவாதம் நடத்தியதில்லை.

(தொடரும்)