வெயிலும் கூரையும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றாம். முன்னைய இரண்டனையும் பற்றி நாடோறும் பேசும் நாம், மூன்றாவதனை ஓடு ஒழுகும்பொழுதும் கறையான் அரிக்கும்பொழுதும் அன்றி நினைப்பதில்லை. ஒழுகாத கூரையே நல்ல கூரை என்பது நம்மவர் எண்ணம். ஆயின், யாழ்ப்பாணத்தில் மழை பெய்யும் நாள்கள் சில. வெயில் எரிக்கும் நாள்களோ பல. மழையைத் தடுக்கும் கூரை வெம்மையையும் தடுக்க வேண்டுமன்றோ? நம் பழைய வீடுகளிற் கூரைவழி இறங்கும் வெப்பத்தை எங்ஙனம் குறைக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியனுக்கு ஓட்டையும் வளையையும் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவுதல் கூடும். சித்திரை மாதத்துப் பிற்பகலிற் கண்சொருகும் மாணவருக்கு யாப்பிலக்கணம் கற்பித்தவர் எவரும் அவ்வினாவை எழுப்பார்.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆதலின், ஆண்டில் இருமுறை ஞாயிறு நண்பகலில் நம் உச்சிக்கு நேரே வருகின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு முறை. ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி மறுமுறை. அந்நாள்களில் நண்பகல் வெயில் சுவரிற் படுவது சிறிது. கூரையிற் படுவதே பெரிது. வானந் தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் ஞாயிற்றின் ஆற்றல் ஏறத்தாழ 1000 உவாற்று ஆகும். அஃது ஒரு சிறு மின்னடுப்புக்கு நிகர். கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் அத்தகைய அடுப்பொன்று எரிவதாகக் கருதின், அதன்கீழ் இருப்பார் நிலை தெளிவாகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நெடுநல்வாடை ஆசிரியர் தென்றல் வரும் சாளரங்களையுடைய வேனிற் பள்ளியைக் குறிப்பிடுகின்றார். நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், சுற்றிலும் தாழ்ந்த விறாந்தையும், தடித்த சுண்ணக்கற் சுவரும் வெயிலறிந்து அமைத்தவை. பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த கூரை குளிர்ந்திருந்ததன் காரணம் ஓலையன்று. ஓலை அடுக்குகளின் இடையே சிறைப்பட்ட காற்றேயாம். பின்னர் வந்த ஓடு ஓலையளவு குளிர்ச்சி தருவதன்று. ஆயினும், உயர்ந்த முகடும் ஓட்டு வரிசைகளின் சிறு இடைவெளிகளும் சூடேறிய காற்றை வெளியேற்றின. போர் வந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் மீண்டோர் பலர், ஓடும் மரமும் இழந்த வெறுஞ் சுவர்களையே கண்டனர். கைக்கெட்டிய பொருளைக் கொண்டு விரைந்து வேய்ந்த கூரைகள் தகரமும், அஸ்பெஸ்ரஸ் என மக்கள் வழங்கும் கல்நார்த் தகடுமாயின. அவற்றின்கீழ்த் தாழ்வாக ஓர் உட்கூரையும் அடித்து, காற்றுப் போகும் வழியையும் அடைத்துவிட்டோம். சுவர் பழையது, கூரை புதியது, வெம்மை முன்னில்லாதது.

இனி, வெப்பம் செல்லும் வழியை நோக்குவோம். கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என அவ்வழி மூன்று என்பதை மாணவர் அறிவர். வெயில் பட்ட தகடு 60 பாகை செல்சியசுக்கு மேலுஞ் சூடேறவல்லது. கால் அங்குலக் கனமுள்ள அத்தகட்டினூடாக வெப்பம் கடத்தலால் எளிதில் உட்புறத்தை அடைகின்றது. அங்கிருந்து உட்கூரைக்கு இறங்குவதெங்ஙனம்? சூடான காற்று மேலே நிற்குமேயன்றிக் கீழே இறங்காது. ஆகவே மேற்காவுகையால் இறங்குவது சிறிது. பெரும்பகுதி கதிர்ப்பினாலேயே இறங்குகின்றது. அவ்வாறு சூடேறிய உட்கூரை, கீழே படுத்திருப்பவர் மேனிமீது தானும் கதிர் வீசுகின்றது. மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கதிரைத் தடுக்காது. விசிறி சுழன்றும் புழுக்கம் தீராததன் காரணம் இதுவே. ஐயமுடையார் பிற்பகல் 3 மணிக்கு உட்கூரையைக் கையால் தொட்டு, நிழற்புறத்துச் சுவரையும் தொட்டுப் பார்ப்பாராக.

நோய்முதல் தெரிந்தபின் மருந்து கூறலாம். அதனைச் செலவு குறைந்ததிலிருந்து முறையே கூறுவேன்.

முதலாவது, வெயிலைக் கூரையின் வெளிப்புறத்திலேயே திருப்பி அனுப்புதல். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் விழும் வெயிலிற் பத்தில் ஏழு பங்கையேனும் திருப்பிவிடும். பழைய செவ்வோடு மூன்றிலொரு பங்கைத் திருப்புவதும் அரிது. மாரிமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் இதனைச் செய்தல் நன்று. மழை கரைத்துவிடுமாதலின் ஆண்டுதோறும் புதுக்கல் வேண்டும். கூரைக்கெனச் செய்த வெண்பூச்சு நெடுநாள் நிற்கும்.

இரண்டாவது, கதிர்ப்பைத் தடுத்தல். பளபளப்பான அலுமினியத் தாள் வீசும் வெப்பக்கதிர் மிகச் சிறிது. ஓடும் மரமும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வீசுமிடத்து, அஃது ஐந்து பங்களவே வீசும். இதனைக் கைமரங்களின் அடிப்புறத்தில், பளபளப்பான பக்கம் கீழ்நோக்க, அறைதல் வேண்டும். மேல்நோக்கி விரித்தால் தூசி படிந்து பயன் கெடும். தாளின் முன்னே ஓர் அங்குலமேனும் வெற்றிடம் இருத்தல் இன்றியமையாதது. உட்கூரையோடு ஒட்டிவிடின், கதிர்ப்பு ஒழிந்து கடத்தல் வந்து புகும், செலவு வீணாம்.

மூன்றாவது, சூடான காற்றுக்கு வழிவிடல். இறவாரத்திற் காற்றுப் புகும் வாயிலும், முகட்டை அடுத்த முக்கோணச் சுவரில் அது வெளியேறும் வாயிலும் அமைக்க. ஒன்றிருந்து மற்றையது இல்லையேற் பயன் சிறிது. சோழகம் வீசும் திசையிற் புகுவாயிலும், அதற்கு எதிர்ப்புறத்தில் வெளிவாயிலும் அமைதல் சிறப்பு. அணிலும் மரநாயும் வௌவாலும் குடிபுகாவண்ணம் கம்பிவலை அடித்தல் மறவற்க.

நான்காவது, உட்கூரையின்மேல் வெப்பக் காவலி பரப்புதல். அசையாது நிற்கும் காற்றே சிறந்த அரிதிற்கடத்தி. கண்ணாடிப் பஞ்சும் தும்பு மெத்தையும் காற்றைச் சிறைப்படுத்தும் கூடுகளேயன்றி வேறல்ல. 2 அங்குலக் கண்ணாடிப் பஞ்சு, வெப்பத்தைத் தடுக்கும் வகையில், இரண்டரை அடிக் கனமுள்ள செங்கற் சுவருக்கு ஒப்பாகும். அதனை அமுக்கிவிட்டாற் காற்று வெளியேறிப் பயன் குறையும். நனைந்தாலோ, காற்றிருந்த இடத்தில் நீர் நிற்கும். நீர் காற்றிலும் இருபது மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின், ஒழுக்கை அடைத்து, கறையான் அரித்த மரத்தை மாற்றிய பின்னரே காவலியைப் பரப்புக. வைக்கோலையும் உமியையும் இட எண்ணுவோர், எலிக்கும் தீக்கும் இடங்கொடுப்பவராவர்.

இங்கே எச்சரிக்கை சில கூறாதிருத்தல் தகாது. கல்நார்த் தகட்டை அறுத்தல், துளைத்தல், உலர்ந்த நிலையிற் சுரண்டித் தேய்த்தல் ஆகா. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. நெடுங்காலத்தின் பின் புற்றுநோயும் விளைப்பது. பழைய தகட்டின்மேற் கால்வைப்பதும் ஆகாது. அது முறிந்தால் வீழ்ச்சி உயிரைக் கொள்ளும். கூரையினுள்ளே பழைய மின்கம்பிகள் ஓடும் வீடுகளில், அவற்றை அறிந்தவரைக்கொண்டு மாற்றிய பின்னரே வேலை தொடங்குக. காவலியின்கீழ்ப் புதைந்த கம்பி சூடேறும். அலுமினியத் தாளோ மின்னைக் கடத்தும். கண்ணாடிப் பஞ்சைக் கையாள்வோர் மூக்கையும் வாயையும் மூடி, முழுக்கைச் சட்டை அணிதல் வேண்டும்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நீவிர் கண்ட முறையை அப்படியே ஊருக்கு எழுதி அனுப்பற்க. அங்குக் காவலி வீட்டு வெப்பத்தை வெளியே போகவிடாது காப்பது. இங்கு வெளிவெப்பத்தை உள்ளே வரவிடாது காப்பது. அங்கு நீராவி வீட்டினுள்ளிருந்து குளிர்ந்த கூரைநோக்கிச் செல்லுமாதலின், ஆவி புகாத தாளைக் காவலியின் உட்புறத்தில் இடுவர். குளிரூட்டி பொருத்திய நம் அறைகளில், வெளியிலுள்ள ஈரக்காற்றின் ஆவி உள்நோக்கி வரும். அவ்வறைகளில் அம்முறையைப் பின்பற்றின், தாளில் நீர் கோத்துக் காவலி நனையும். மேலும், காவலி இரவில் அறையின் சூடு மேலேறுவதையும் தடுக்கும். பகலெல்லாம் வெம்மையுண்ட சுவர் இரவில் அதனை உமிழும். ஆகையால் ஞாயிறு சாய்ந்தபின் சாளரங்களைத் திறந்து, வீட்டை இளைப்பாறவிடல் வேண்டும்.

இவையெல்லாம் வசதியுள்ளார் செய்யும் அழகு வேலை என்று எண்ணற்க. நம் பழைய வீடுகளில் இன்று பகல் முழுதும் இருப்பவர் யாவர்? பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர், கைக்குழந்தையோடு இருக்குந் தாயர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர். மிகுந்த வெப்பத்தை உடல் தாங்க மாட்டாதார் முதியோரும் குழந்தைகளுமேயாவர். ஊருக்கு வரும்பொழுது படலைக்குப் புதுவண்ணம் தீட்டும் அன்பர்கள், அன்னை துயிலும் அறையின் உட்கூரையை ஒருமுறை தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் வேய்தல் என்னுஞ் சொல் கூரை மூடுதலையும் மலர் சூடுதலையும் ஒருங்கே குறிக்கும். தலைக்குச் சூட்டுவதை ஆய்ந்தெடுத்துச் சூட்டுகின்றோம். மனைக்குச் சூட்டுவதையும் அவ்வாறே ஆய்ந்து சூட்டுவோமாக. அவ்வாறு செய்யின், போர் பறித்த ஓட்டின் தண்மையை நம் இல்லங்கள் மீளப் பெறும்.