கமாண்டோ வரும்வரை யார்?

"குண்டு, தீவிரவாதம் எல்லாம் போலீஸ் வேலை, நமக்கு எதுக்கு?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியது. தேசிய பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் டெல்லி அருகே மானேசரிலிருந்து வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. 166 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான், 2009-இல், சென்னை உட்பட நான்கு நகரங்களில் இந்தப் படைக்கு மையம் அமைத்தார்கள். சென்னையிலிருந்து நம்ம ஊருக்கு வரணும்னாலும் நேரம் ஆகத்தானே செய்யும்?

அதுவரை பக்கத்தில் இருப்பவங்கதான் துணை. அன்று சிஎஸ்டி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஓடிப்போகவில்லை. பின்வாசல் வழியாகப் போங்க என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். நிறைய பேர் பிழைத்தார்கள்.

பஸ்ஸிலோ சந்தையிலோ கேட்பாரற்ற பை, டிபன் கேரியர் கிடந்தால் "யாருது?" என்று சத்தமாகக் கேளுங்க. யாரும் வரலைன்னா தொடாதீங்க, திறக்காதீங்க. கண்டக்டரிடம் சொல்லி, எல்லோரும் இறங்கித் தள்ளிப்போன பிறகு 112-க்கு போன் செய்யுங்க. உள்ளே வெறும் துணி இருந்தால் சிரிப்பாங்களே என்று பலரும் கூச்சப்படுகிறோம். எங்களுக்கு இந்தக் கூச்சம்தான் கவலை. சிரித்தால் சிரிக்கட்டும், போன் செய்யுங்க.