பரீட்சை மண்டபத்துக்கு வெளியே



பரீட்சை எப்பொழுது முடிகின்றது? மேற்பார்வையாளர் விடைத்தாள்களைச் சேகரித்து, எண்ணிக் கட்டி, முத்திரையிட்டு அனுப்பும்பொழுது முடிகின்றது என்று விதிகள் கூறும். மாணாக்கரைக் கேட்டால் வேறு விடை வரும். மண்டபத்து வாயிலைக் கடந்து பத்தடி நடப்பதற்குள் அவர்களுக்கு இரண்டாவது பரீட்சையொன்று தொடங்கிவிடுகின்றது. அதற்கு நேர அட்டவணை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. வேப்பமரத்தடியும் பஸ் தரிப்பிடமும் சைக்கிள்கள் நிற்கும் கொட்டகையுமே அதன் மண்டபங்கள். "பதினேழாவதுக்கு என்ன போட்டனீ?" என்ற ஒரே வினாவோடு அது ஆரம்பமாகும்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுக்காலம் ஆசிரியனாகவும் அதிபராகவும் இந்தக் காட்சியைக் கண்டு வருகின்றேன். எல்லாப் பாடங்களின் பின்னும் இது நிகழ்வதே. ஆயினும், உயர்தர வகுப்பு உயிரியற் பரீட்சை முடிந்த பின்னர் எழும் ஆரவாரம் போல் வேறெதன் பின்னும் எழக் கண்டிலேன். நான் கலைப் பட்டதாரி. ஆகையால் இதன் காரணத்தை எங்கள் பாடசாலை உயிரியல் ஆசிரியரிடம் கேட்டே அறிந்துகொண்டேன். அவர் சொன்னது இதுதான்: "கணிதத்தில் ஓர் எண் வரும்; வந்த எண் சரி அல்லது பிழை. உயிரியலிலோ ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு விலக்கு ஒளிந்து நிற்கும். வினாக்காரர் தேடிப் போவது அந்த விலக்கைத்தான்."

அவர் கூறியதற்கு உதாரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நாடிகள் ஒட்சிசன் செறிந்த குருதியைக் கொண்டு செல்வன என்று கீழ்வகுப்பில் மனனம் செய்த பிள்ளை, நுரையீரல் நாடியைக் கண்டதும் தடுமாறுகின்றது. இதயத்திலிருந்து புறப்படுவதனால் அது நாடி. ஆனால் அது சுமப்பதோ ஒட்சிசன் குறைந்த குருதி. தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்பும் இரவில் சுவாசமும் செய்வன என்று எண்ணியிருக்கும் பிள்ளைகள் இன்றும் பலர். சுவாசம் இரவு பகல் என்று பாராது இடையறாமல் நடைபெறுவது. பகல் வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பு விஞ்சி நிற்பதனால், சுவாசத்தில் வெளியேறும் காபனீரொட்சைட்டு நமக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே. இதயத்தின் படத்திலே இடப்பக்கத்து அறை, பார்ப்பவனின் வலக்கைப் பக்கம் இருக்கும். பரபரப்பில் அதனை மறந்து பெயரிட்டவர்கள் மரத்தடியில் நெற்றியில் அடித்துக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கின்றேன்.

இவற்றோடு மொழியாலும் ஒரு சங்கடம் உண்டு. நமது பாடநூல்களில் கலம், இழையம், நாடி, நாளம், பிரசாரணம் என்று வருவனவற்றைத் தமிழ்நாட்டு நூல்கள் செல், திசு, தமனி, சிரை, சவ்வூடு பரவல் என்று வழங்குகின்றன. இரு வழக்கும் தமிழே. ஆனால் நாளம் என்ற சொல் நம்மிடத்தில் இதயத்துக்குக் குருதியை மீட்டுக் கொணரும் குழாயை மட்டும் குறிக்க, அங்கே இரத்த நாளம் என்றால் எல்லாக் குருதிக் குழாய்களையும் குறிக்கும். அங்கிருந்து வந்த வழிகாட்டி நூலை வாசித்த ஒருவனும் நமது பாடநூலை மட்டும் வாசித்த ஒருவனும் அரைமணி நேரம் வாதாடியதை நானே கேட்டிருக்கின்றேன். இருவரும் ஒன்றையே அறிந்திருந்தனர். சொல் மாத்திரம் வேறு.

உயிரியல் முதலாம் வினாத்தாளில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து புள்ளடி இடவேண்டும். அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் அடங்கிய இரண்டாம் வினாத்தாளைப் பற்றி மரத்தடியில் அதிகம் பேசமாட்டார்கள். கட்டுரையை ஒப்பிடுவது கடினம். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கத்தால் சொல்லக்கூடிய விடையையே எளிதில் ஒப்பிடலாம்; எளிதிற் கணக்கும் போடலாம். பல்கலைக்கழக அனுமதியோ இசட் புள்ளியின் நான்காம் தசமத் தானம் வரை பார்த்து நிர்ணயிக்கப்படுவது. இதனை நன்கு அறிந்த பிள்ளைக்கு ஒரு வினா ஒரு வினாவாகத் தோன்றுவதில்லை. மருத்துவ பீடத்தின் வாயிற்கதவாகவே தோன்றுகின்றது.

இனி, அந்த மரத்தடியில் உண்மையில் நடைபெறுவது யாது? அங்கே விடை கண்டுபிடிக்கப்படுவதில்லை, வாக்கெடுப்பே நடைபெறுகின்றது. நால்வர் "இரண்டாவது" என்றால், நான்காவதைத் தெரிந்தவன் வாயடைத்துப் போகின்றான். சொலமன் ஆஷ் என்னும் உளவியலறிஞர் அமெரிக்காவில் நடத்தி, 1951இல் வெளியிட்ட பரிசோதனையொன்றை இங்கே நினைவுகூரலாம். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளுள் எது அதற்குச் சமமான நீளமுடையது என்று வினவினார். சிறு பிள்ளையும் சொல்லிவிடக்கூடிய வினா. ஆனால் உடன் அமர்ந்திருந்த ஏனையோர் யாவரும், முன்னரே பேசிவைத்தபடி, ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். அத்தகைய சந்தர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் பிழையோடு ஒத்துப்போயின. கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்திலேயே மனம் இப்படித் தளருமாயின், மூன்று மணித்தியாலத்துக்கு முன் வாசித்த வினாவைப் பற்றி அது எவ்வளவு தளரும்! அதிலும், வகுப்பில் முதலாம் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கின்றதோ அந்தப் பக்கமே உண்மை நிற்பதாக மற்றவர்கள் கொள்வது வழக்கம். முதலாம் பிள்ளையும் வினாவைப் பிழையாக வாசிப்பதுண்டு என்பதைப் புள்ளியிடச் சென்ற ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

மரத்தடியில் தவறாது கேட்கும் மற்றொரு புலம்பல், "முதல் போட்டதுதான் சரி, பிறகு மாத்திப் போட்டிட்டன்" என்பது. முதலில் தோன்றிய விடையே சரியானது, அதனை மாற்றலாகாது என்று ஆசிரியர்களாகிய நாமும் சொல்லிக்கொடுத்திருக்கின்றோம். நானும் சொன்னவன். ஆனால் எண்ணிப் பார்த்தவர்கள் வேறு விதமாகக் கண்டிருக்கின்றார்கள். 2005இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் பல்தேர்வு விடைத்தாள்களில் அழித்து மாற்றப்பட்ட விடைகளை ஆராய்ந்தனர். மாற்றங்களுள் நூற்றுக்கு 51 பிழையிலிருந்து சரிக்குச் சென்றவை; 25 மாத்திரமே சரியிலிருந்து பிழைக்குச் சென்றவை; எஞ்சியவை ஒரு பிழையிலிருந்து இன்னொரு பிழைக்கு. ஆகவே மாற்றியதால் பெற்றோரே அதிகம். அப்படியாயின் அந்தப் புலம்பல் மட்டும் ஏன் நிலைத்திருக்கின்றது? கைக்கு வந்ததைத் தவறவிட்ட வருத்தம் ஆழமாகப் பதிகின்றது. மாற்றிப் பெற்ற புள்ளியை எவரும் நினைவில் வைப்பதில்லை.

இவற்றையெல்லாம் நான் பிற்காலத்தில்தான் வாசித்தேன். முன்னரே அறிந்திருந்தால் ஒரு காரியத்தைச் செய்யாது விட்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பாடசாலையில் அதிபராயிருந்த காலம். உயிரியல் முதலாம் வினாத்தாள் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நான் வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, தகப்பனார் கடற்றொழிலாளி. அவளைக் கண்டதும், அன்பு மிகுதியால் என்றே வைத்துக்கொள்ளுங்கள், "எத்தனை சரிவரும், பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். அவள் விடை சொல்லாது நின்றாள். பின்னர் அந்த எண்ணைக் கண்டறிவதற்காகவே மரத்தடிக் கூட்டத்தினுட் சென்றாள்.

பதின்மூன்று வினாக்கள் பிழை என்று அவளுக்குக் கணக்குக் கிடைத்தது. அடுத்ததாக இரசாயனவியற் பரீட்சை. அன்று காலை அவளுடைய இருக்கை வெறுமையாக இருந்தது. ஆள் அனுப்பினேன். தாயார் வந்து, "சேர், பிள்ளை படுத்த பாய் விட்டு எழும்பேல்லை. வாற வருசம் எடுக்கிறன் எண்டு சொல்லுறாள்" என்றார். பல்கலைக்கழகம் புக மூன்று தடவை தோற்றலாம் என்னும் விதி, தடுக்கி விழுந்தவர் எழுவதற்காக ஏற்பட்டது. ஓடும்பொழுதே உட்கார்ந்துவிடுவதற்கும் அதுவே சாக்காகிவிடுகின்றது.

சரியான விடைகள் வெளிவந்த பின், எங்கள் உயிரியல் ஆசிரியர் அவளை அழைத்து வைத்து, வீடு சென்றதும் அவள் ஒரு தாளிற் குறித்து வைத்திருந்த தன் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதின்மூன்றில் உண்மையாகப் பிழைத்தவை ஐந்து. மற்றைய எட்டும் மரத்தடியின் பிழைகள். அவள் மறு ஆண்டு தோற்றிச் சித்தியெய்தினாள். விரும்பிய பீடத்துக்கு அது போதவில்லை. இப்பொழுது ஆசிரியையாக இருக்கின்றாள்; கண்டால் மரியாதையோடு பேசுவாள். அந்தக் கேள்வியை அவள் ஒருபோதும் நினைவூட்டியதில்லை.

அப்படியானால் விடைகளை ஒப்பிடுவதையே தடைசெய்துவிடலாமா? ஓர் ஆண்டு அவ்வாறு செய்து பார்த்தேன். மரத்தடியிற் கூடாதே என்று உத்தரவிட்டேன். அவர்கள் கடைத்தெருவிற் கூடினார்கள். மேலும், அந்த வாதத்திலே நல்லதும் உண்டு. 2009இல் சயன்ஸ் என்னும் ஆய்வேட்டில் வந்த கட்டுரையொன்று, கொலராடோ பல்கலைக்கழகத்துப் பிறப்புரிமையியல் வகுப்பொன்றைப் பற்றியது. மாணவர் ஒரு வினாவுக்குத் தனித்தனியே விடையளித்தனர். பின் அயலில் இருப்போருடன் கலந்துரையாடினர். அதன் பின், அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு வினாவுக்குத் தனியே விடையளித்தனர். உரையாடிய பின் சரியான விடைகள் பெருகின. குழுவில் எவருமே முதலிற் சரியான விடையை அறிந்திராதபோதும் முன்னேற்றம் காணப்பட்டதாக ஆய்வாளர் முடிவுகொண்டனர். அதாவது, அறிந்தவனைப் பார்த்து அறியாதவன் எழுதிக்கொண்டதன்று. காரணம் கேட்டு வாதாடியதன் பயன் அது.

மரத்தடியில் இல்லாதது அந்தக் காரணம் கேட்பதே. "இரண்டாவது" என்று ஒருவன் சொன்னால், ஏன் இரண்டாவது என்று கேட்பதற்கு எவருக்கும் பொறுமையில்லை, எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள்.

இன்னொரு செய்தியும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. தான் சரியென்று உறுதியாக நம்பிய விடை பிழையென்று தெரியவரும்பொழுது, அரைகுறை மனத்தோடு எழுதிய பிழையைக் காட்டிலும் அதனை ஒருவர் நன்றாகத் திருத்திக்கொள்கின்றார் என்று 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வியப்பு மனத்தை விழிக்கச் செய்கின்றது போலும். பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளின் மனம் அத்தகைய வியப்புக்கு ஆயத்தமாக இருக்கின்றது. அந்த வேளையிற் பிழையான திருத்தம் கிடைத்தாலும் அது ஆழமாகவே பதிந்துவிடும் என்பதுதான் என் அச்சம்.

ஆகையால் இப்பொழுது எங்கள் பாடசாலையில் ஓர் ஏற்பாடு. பரீட்சைகள் நடக்கும் நாட்களில் வாயிலில் நிற்கும் ஆசிரியர் எவரும், நான் உட்பட, எண்ணிக்கை கேட்பதில்லை. "சாப்பிட்டாயா, அடுத்த பாடம் எப்போது?" என்பதோடு சரி. பெற்றோரையும் அவ்வாறே கேட்டுக்கொள்கின்றோம். தகப்பன்மார் இதற்கு இணங்குகின்றார்கள். மாமன்மாரையும் அயல் வீட்டாரையும் தடுப்பதுதான் பெரும்பாடு. கடைசி வினாத்தாள் முடிந்த மறுநாள், விரும்பிய பிள்ளைகள் உயிரியல் ஆசிரியருடன் அதே வேப்பமரத்தடியிற் கூடுவார்கள். விடை இலக்கத்தைச் சொல்பவர் காரணத்தையும் சொல்லவேண்டும் என்பது ஒன்றே அங்குள்ள விதி.

சென்ற முறை கூடியபொழுது, ஒரு வினாவில் ஆசிரியரும் மாணவன் ஒருவனும் உடன்படவில்லை. இருவரும் பாடநூலை விரித்தார்கள். நூலில் இருந்த வசனம் இரு விதமாகவும் பொருள்கொள்ளத் தக்கதாக இருந்தது. பன்னிரண்டரை மணிக்கு மற்றவர்கள் வீடு போய்விட்டார்கள். நான் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டபொழுதும் அவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஆசிரியர் மணலில் இலைவாயொன்றைக் கீறிக்கொண்டிருந்தார்.