யூனிஃபை இணைப்பில் புதிய ரவுட்டர்: உள்ளும் புறமும்

[திரையில்: சுவரில் பொருத்திய ஒளியிழைப் பெட்டி, அதிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் கம்பி]

டெலிகோம் மலேசியா நிறுவனம் 2010 மார்ச்சில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்களில் தொடங்கிய யூனிஃபை சேவை, இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வரிசை வீடுகளிலும் அன்றாடத் தேவையாகிவிட்டது. ஆயினும் கடையில் வாங்கிய புதிய ரவுட்டரைப் பொருத்தியதும், வைஃபை பெயர் கைப்பேசியில் தெரிந்தும் இணையம் வராமல் பலர் திகைக்கின்றனர். பெரும்பாலும் கருவியில் பழுதில்லை. ரவுட்டரின் புறப்பக்க அமைப்பு நிரப்பப்படாததே காரணம்.

ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரு பக்கங்கள் உண்டு. சேவை நிறுவனத்தை நோக்கிய புறப்பக்கம் வான் எனப்படும். வீட்டுக் கருவிகளை நோக்கிய உட்பக்கம் லான் எனப்படும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கோளாறு எப்பக்கம் என்பது விரைவில் விளங்கும்.

[திரையில்: ரவுட்டரின் அமைப்புப் பக்கம், வான் பகுதி]

கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதை, உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இணைப்பு வகையாக பிபிபிஓஇ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்த பின்னரே இணைப்பை அனுமதிக்கும் முறை இது. யூனிஃபை வீட்டு இணைப்பின் பயனர் பெயர் '@யூனிஃபை' என்னும் ஈற்றுடன் முடியும்.

அடுத்தது விலான் எண். ஒரே ஒளியிழையில் இணையமும் தொலைக்காட்சியும் சேர்ந்து வருவதால், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஓர் அடையாள எண் பதிக்கப்படுகிறது. யூனிஃபையில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. கே.எல். சென்ட்ரலில் பல தடங்களின் ரயில்கள் ஓரிடத்தில் கூடினாலும் நடைமேடை எண்ணே பயணியை உரிய ரயிலில் சேர்ப்பதுபோல, இவ்வெண்ணே தரவை உரிய சேவையில் சேர்க்கிறது. பயனர் பெயர் சரியாக இருந்தும் 500 விடுபட்டால் இணைப்பு கிடைக்காது. மேக்சிஸ் முதலிய பிற நிறுவனங்களின் எண்கள் வேறு என்பதால், அவரவர் நிறுவனத்திடம் கேட்டறிவதே முறை.

வைஃபை கடவுச்சொல்லை மறந்தவர்கள் ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்துவதுண்டு. அச்செயல் வைஃபை அமைப்பை மட்டுமன்றிப் பயனர் பெயரையும் விலான் எண்ணையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். எனவே அவற்றைக் குறித்துவைக்காமல் அப்பொத்தானைத் தொடலாகாது.

[திரையில்: வைஃபை பகுதி, அலைவரிசைப் பட்டியல்]

இனி உட்பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் செங்கல் சுவர்களில் விரைவாகத் தேய்ந்துவிடும். ஆகவே நீண்ட வரிசை வீட்டில் ரவுட்டரை முன்கூடத்து மூலையில் ஒதுக்காமல் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவது பயன் தரும். அண்டை வீடுகளின் ரவுட்டர்கள் நெருங்கியிருக்கும் அடுக்குமாடியிலோ நெரிசலே முதன்மைச் சிக்கல், அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நலம்.

[திரையில்: பாதுகாப்புப் பகுதி]

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3 முறையையும், பழைய கருவிகள் அதை ஏற்காவிடில் டபிள்யூபிஏ2 முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டு இலக்க எண்ணை எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிப்பட்டதால், அதை நிறுத்திவைப்பது நன்று. அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றியாக வேண்டும். அதை அறிந்தவர் வீட்டு இணையம் முழுவதையும் தம் விருப்பப்படி திருப்பிவிட முடியும்.

[திரையில்: நான்கு குறிப்புகள்]

பிபிபிஓஇ பயனர் பெயர், அதன் கடவுச்சொல், விலான் எண், அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்தும் குடும்பம், ரவுட்டர் மாறினாலும் வீடு மாறினாலும் தொழில்நுட்பரின் வருகைக்காகக் காத்திருக்கும் நாள்களைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். மாதந்தோறும் கட்டணம் செலுத்துவோருக்கு அந்த அறிவும் உரியதே.