தட்டி என்னும் ஒரு சொல்

சிறு சொற்களுக்கும் பெரிய வரலாறு உண்டு. ‘தட்டி’ என்பது அத்தகைய ஒரு சொல். ‘கதவைத் தட்டி’ என்னுமிடத்து அது வினையெச்சம். நாம் இங்கே நோக்குவது அதனைப் பெயர்ச்சொல்லாக மட்டுமே.

ஓலை, மூங்கில், பிரம்பு முதலியவற்றால் அமைத்த மறைப்பே தட்டி. யாழ்ப்பாணத்தில் வெயிலும் தூவானமும் புகாதவாறு திண்ணைக்குத் தட்டி கட்டுவர். கிணற்றடிக்கும் தட்டியே மறைப்பு. தமிழகத்திலோ, வீதியோரத்து விளம்பரப் பலகையும் தட்டி எனப்படும். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டிகளை வாயிலில் தொங்கவிட்டு, நீர் தெளித்துக் கோடை வெப்பத்தைத் தணித்தனர். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயரும் அச்சொல்லைத் தம் பேச்சில் ஏற்றனர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அதற்கு இடமுண்டு. இந்தியிலோ மறைப்பின் பெயர் காலப்போக்கில் மறைவிடத்துக்கே ஆகி, கழிப்பிடத்தைக் குறிக்கலாயிற்று. வடநாடு செல்லும் நம்மவர் இச்சொல்லைச் சற்று எச்சரிக்கையுடன் வழங்குவது நலம்!

மறைப்பதற்கென ஏற்பட்ட தட்டி, கொடிகாமத்தில் சுமப்பதற்கு உதவியது. கொடிகாமத்திலிருந்து வரணி வழியாகப் பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவானை அறியாத யாழ்ப்பாணத்து முதியோர் இலர் எனலாம். மரத்தால் உடல் அமைத்த பழைய மோட்டார் வாகனம் அது. அதன் பின்புறப் பலகைத் தட்டியைத் தூக்கி மூடினால் சுவர்; சங்கிலியில் தாழ்த்தி விரித்தால் தளம். தென்மராட்சியின் தேங்காய்ச் சாக்குகளும், மாம்பழக் கடகங்களும், பலாப்பழங்களும், வாழைக்குலைகளும் அதன்மேல் ஏறின. ஆளும் பொருளும் ஒரே வண்டியிற் சென்றமையால், சந்தை வியாபாரத்தை நம்பிக் குடும்பம் நடத்தியோருக்கு அது பேருதவியாயிற்று.

பேருந்துகளும் முச்சக்கரவண்டிகளும் பெருகிய பின்னர் தட்டிவான்கள் அருகிவிட்டன. கிடுகுத் தட்டியின் இடத்தைத் தகரமும் சீமெந்து மதிலும் பிடித்துக்கொண்டன. பொருள் வழக்கொழியுமாயின் சொல்லும் நாளடைவில் வழக்கொழியுமன்றோ? அகராதியைப் புரட்டினால் ‘மறைப்பு’ என்ற பொருள் கிடைக்கும். கடகம் சுமந்த கதை கிடைக்காது. அதனைச் சொல்ல வல்லவர் நம் இல்லங்களில் உள்ள பாட்டன்மாரும் பாட்டிமாருமே. ஞாயிறு ஓய்வில் பேரப்பிள்ளைகளை அருகழைத்து, ‘தட்டி என்றால் என்ன?’ என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்களாக. விடையையும் தாமே விரித்துரைப்பார்களாக.