முதுமையின் செலவைத் தீர்மானிக்கும் தொடைத்தசை

ஓய்வுக்காலத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மாதச் செலவைப் பார்ப்பார்கள், விலைவாசி ஏற்றத்தைப் பார்ப்பார்கள், இதயத்துக்கோ முழங்காலுக்கோ ஓர் அறுவைச் சிகிச்சை வந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்து வைப்பார்கள். கட்டிலிலிருந்து எழவும் கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் கை தேவைப்படும் காலம் மட்டும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆஸ்பத்திரி பில் ஒருமுறை வந்து முடிந்துவிடும். ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளும் செலவு மாதாமாதம், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ஓடும். 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைத் தொட்டவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது; வீடு திரும்பி 15 நாள் கழிந்தால் அதன் பொறுப்பு முடிந்தது. நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் கட்டாயக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் அந்தச் சுமை மகள் மேலோ மருமகள் மேலோ இறங்குகிறது. அவள் வேலையை விட்டால், அவளுடைய முதுமைக்கான சேமிப்பும் அன்றோடு நிற்கிறது.

இந்தச் செலவு எப்போது தொடங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கால்களின் வலு. நடுவயதிலிருந்தே தசை மெல்லக் குறைகிறது. அதைவிட வேகமாக அதன் வலு குறைகிறது. முதலில் சுருங்குபவை சட்டென்று இயங்கும் தசைநார்கள். கால் இடறியதும் அடுத்த அடியை எடுத்துவைத்து உடலைத் தாங்குபவை அவைதான். அவை தளர்ந்தவருக்கு ஈரமான குளியலறைத் தரையே போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். பிறகு படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயோ காயமோ இல்லாதவர்களுக்கே இந்தக் கதி.

கால்களின் வலுவை அளக்க ஸ்கேன் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்பது ஆசிய நாடுகளின் தசைத்தளர்ச்சி வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல். கையை ஊன்றாமல் எழவே முடியாதவர் உடனே மருத்துவரிடம் பேச வேண்டியவர்.

“வயசானால் தளரத்தான் செய்யும், அதற்கென்ன செய்வது” என்பார்கள். தளர்வது உண்மை, ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மையல்ல. பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். தொடைத்தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேரைச் சராசரியாக 2.6 ஆண்டுகள் தொடர்ந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு 2014இல் வந்தது. நடை, வலு, சமநிலை மூன்றுக்கும் பயிற்சி பெற்றவர்களில் 30.1 சதவீதத்தினர் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். நலக்கல்வி மட்டும் கேட்டவர்களில் 35.5 சதவீதத்தினர். இடைவெளி மலைக்கவைக்கும் அளவு இல்லை. ஆனாலும் நூறில் ஐந்து பேர் தம் காலில் நடமாடுவது என்றால், அந்த ஐந்து வீடுகளில் அது எத்தனை பெரிய மாறுதல்!

காலை நடை போதாதா என்பது அடுத்த கேள்வி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது, விடக் கூடாது. ஆனால் சமதளத்தில் மெதுவாக நடப்பது தசைக்குப் புதிய பாரம் எதையும் தருவதில்லை. நாற்காலியில் எழுந்து உட்கார்வது, படியேறுவது, சுவரைத் தள்ளுவது, மணல் பையைத் தூக்குவது ஆகியவை தரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வாழ்நாளெல்லாம் களையெடுத்தும் கல் சுமந்தும் வந்தவர்கள் ஏன் அறுபதிலேயே ஒடிந்துபோகிறார்கள்? தசை வளர உழைப்போடு ஓய்வும் புரதமும் வேண்டும்; அவர்களுக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் நல்லது என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் (சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவு பொருந்தாது). இரவுக்கு இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி என்று முடித்துக்கொண்டால் நான்கைந்து கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதாவது நாளுக்கு 40 ரூபாய். அதில் பருப்பும் முட்டையும் மாத்திரையும் அடங்காது. வலுவைப் பற்றிப் பேசிவிட்டு ஓய்வூதியத்தை மறப்பது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

உடற்பயிற்சி பக்கவாதத்தையோ மறதிநோயையோ முற்றாகத் தடுத்துவிடாது. ஆகவே கையில் பணமும் வேண்டும், அதுவும் எடுக்கக்கூடிய பணமாக. ஓய்வுபெறும் நாளில் வரும் தொகையை வீட்டின் மாடி கட்டுவதிலோ பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைப்பதிலோ மொத்தமாகப் போட்டுவிட்டால், ஆள் வைக்க வேண்டிய மாதத்தில் செங்கல்லை விற்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் 30 லட்சம் வரை போடலாம். வட்டி முழுவதையும் செலவழிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அறுபதில் போதுமாக இருக்கும் தொகை, பராமரிப்பு தேவைப்படும் எழுபதுகளில்தான் பற்றாமல் போகிறது. சொத்தை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். அது மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் அதே திட்டத்தில் வீடுகளுக்குப் போகிறார்கள், பெரும்பாலும் ஏற்கெனவே முடங்கியவர்களிடம். தன்னார்வலரின் பதிவேட்டில் நாற்காலிச் சோதனைக்கு ஒரு கட்டம் சேர்த்து, 12 விநாடியைத் தாண்டியவர்களின் பட்டியலை மாதந்தோறும் இயன்முறை மருத்துவரிடம் கொடுத்தால், அவர்கள் விழுவதற்கு முன்பே மருத்துவர் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரலாம். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டியிருக்கும்.